ஊதிப் பார்த்து ஓட்டு

சென்ற இதழில், வீட்டிலேயே விமானம் செய்கிறவர்களைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். புதுக்கோட்டை-ஆலங்குடி சாலையில் பஸ் நிற்கிற ஊர்களிலிருந்தெல்லாம் கடிதம் வந்துவிட்டது. பிள்ளையார் சுழி போட்டது திருவரங்குளம். இறக்கை, இஞ்சினைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. டேங்க் ஒழுகுமா, ஒழுகாதா என்பதுதான் எல்லோர் கேள்வியும். சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

திருவரங்குளம் வாசகர்: வீட்டில் செய்த விமானத்தில் பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? தண்ணீர் ஊற்றியா, பெட்ரோல் ஊற்றியா?

முதலில் காற்றை ஊற்றி. இம்மாதிரி விமானங்கள் பலவற்றில் டேங்க் என்று தனியாக ஒன்று கிடையாது. இறக்கையின் முன்பகுதியே டேங்க். அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனம் விற்கும் ஆர்வி வகை உதிரிபாகப் பெட்டிகளை வாங்கிச் செய்த விமானங்கள் மட்டும் உலகில் பத்தாயிரத்துக்கும் மேல் பறந்துவிட்டன. அலுமினியத் தகட்டை மடித்து, நூற்றுக்கணக்கில் ரிவெட் அடித்து, ஒவ்வொரு ரிவெட்டுக்கும் மூட்டுக்கும் பாலிசல்ஃபைடு சீலன்ட் பூசுவார்கள். கந்தக நாற்றம் அடிக்கும் களிம்பு அது. கையில், சட்டையில், கதவுக் கைப்பிடியில் எல்லாம் தாராளமாக ஒட்டும். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

அது நன்றாகக் காய்ந்த பிறகு டேங்க்கின் வாய், இஞ்சினுக்குப் போகும் குழாய், வடிகால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ஒரு துளையில் பலூனை மாட்டி, இன்னொன்றின் வழியே சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடிப்பார்கள். பலூன் நிமிர்ந்து நின்றதும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் எடுத்து ஒவ்வொரு ரிவெட்டாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டிக்குள் அமுக்குவார்கள். இங்கே டேங்க்கை அமுக்க முடியாததால் தொட்டியை எடுத்து டேங்க்கின் மேல் பூசுகிறார்கள். பெரிய ஓட்டை உடனே நுரை கக்கும். சின்ன ஓட்டை அப்படிக் காட்டிக்கொடுக்காது. தடவிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால், ரிவெட்டின் தலையைச் சுற்றிக் கடுகைவிடச் சின்னதாக வெள்ளையாக ஒரு நுரைக் கொத்து முளைத்திருக்கும். அவசரக்காரர்கள் அதைப் பார்க்காமல் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள்.

தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில் இரண்டு சங்கடம். மூலையில் தங்கிய தண்ணீர் பிறகு பெட்ரோலோடு இஞ்சினுக்குப் போகும். தவிர, தண்ணீர் நுழைய மறுக்கிற சந்தில் பெட்ரோல் நுழைந்துவிடும். அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குதான். தண்ணீர் பரீட்சையில் பாஸான டேங்க் பெட்ரோல் பரீட்சையில் கோட்டை விடலாம்.

பஞ்சர் கடைக்காரர், ஆலங்குடி: என் கடையில் கம்ப்ரஸர் இருக்கு சார். ஒரு அடி அடிச்சா நிமிஷத்தில் தெரிஞ்சிடாதா?

தெரிந்துவிடும், அது டேங்க்காக இருந்த காலம் முடிந்துவிட்டது என்று. அண்ணே, இந்தச் சோதனைக்கு வேண்டியது சதுர அங்குலத்துக்கு ஒரே ஒரு பவுண்டு. அதுவே ஒரு சதுர அடித் தகட்டின் மேல் 144 பவுண்டு, அதாவது 65 கிலோ. ஓர் ஆள் ஏறி நிற்கிற பாரம். கார் டயருக்கு அடிக்கிற 30 பவுண்டை இதில் அடித்தால் அதே சதுர அடியில் இரண்டு டன். உருண்டையான டயர் அதைத் தாங்கும். தட்டையான மெல்லிய தகடு தாங்காது. தலையணையாக உப்பி, ரிவெட்டுகளைக் கழற்றி வீசும்.

தொழிற்சாலையில் செய்யும் சிறு விமானங்களின் உலோக டேங்க்குக்கு 2017 வரை அமெரிக்க விதி மூன்றரை பவுண்டு வரை சோதிக்கச் சொன்னது. அது டேங்க்கின் வடிவமைப்பு தாங்குமா என்று பார்ப்பதற்கு. நாம் தேடுவது ஓட்டையை. அதற்கு ஒரு பவுண்டு போதும். கம்ப்ரஸரை ஆஃப் பண்ணிவிட்டுச் சைக்கிள் பம்பை எடுங்கள்.

கொத்தனார், கீரமங்கலம்: அந்த ஒரு பவுண்டை எந்த மீட்டர் வச்சு அளக்கிறது?

உங்கள் பையில் இருக்கிற மீட்டரை வைத்து! அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூப் வைத்திருப்பீர்கள் அல்லவா? அதை ‘ப’ எழுதின மாதிரி சுவரில் ஆணியடித்து மாட்டி, பாதி வரை தண்ணீர் விட்டு, ஒரு முனையை டேங்க்கோடு இணையுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். பம்ப் அடிக்க அடிக்க ஒரு பக்கம் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் இடையே 70 செ.மீ. வித்தியாசம் வந்தால் அதுதான் ஒரு பவுண்டு. பல ஆயிரம் ரூபாய் மீட்டருக்கு இந்த டியூப் சளைத்ததில்லை.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. திறந்த முனையை அந்த உயரத்துக்குச் சற்று மேலேயே வெட்டி நிறுத்திவிட்டால், யாராவது ஆர்வக்கோளாறில் கூடுதலாக அடித்தாலும் தண்ணீர்தான் வெளியே பீய்ச்சும், டேங்க் பிழைத்துக்கொள்ளும். கம்பெனி மீட்டர் அதிக அழுத்தத்தைக் காட்டும், அவ்வளவுதான். உங்கள் டியூப் காட்டுவதோடு காப்பாற்றவும் செய்கிறது.

ஐ.டி.ஐ. மாணவர், புதுக்கோட்டை: காலையில் கட்டிய பலூன் மதியம் பெருத்துவிட்டது, இரவு சூம்பிப்போனது. டேங்க் ஒழுகுகிறதா இல்லையா? குழப்பமாக இருக்கிறது.

தம்பி, நீ அளந்தது டேங்க்கை அல்ல, புதுக்கோட்டை வெயிலை. மூடிய காற்று ஒரு டிகிரி சூடானால், ஒரு பவுண்டு ஏற்றிய டேங்க்கில் டியூப் மட்டம் ஏறக்குறைய மூன்றரை செ.மீ. ஏறும். காலை 28 டிகிரி, மதியம் 36 என்று வைத்துக்கொள். எட்டு டிகிரிக்குக் கால் மீட்டருக்கும் மேல் ஏறிவிடும். ஒழுகுகிற டேங்க்கூட அந்த நேரத்தில் உத்தமன் வேஷம் போடும். சாயங்காலம் ஒழுகாத டேங்க்கைப் பார்த்து நீ கண்ணீர் விடுவாய்.

வெயில் மட்டுமல்ல, வானமும் விளையாடும். நம் அட்சரேகையில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் பள்ளம். இரவிலும் அதே ஆட்டம். டியூபில் அது மூன்று செ.மீ. அளவுக்குத் தெரியும். ஆகவே டேங்க்கை நிழலில், முடிந்தால் காற்றோட்டம் மாறாத உள்ளறையில் வை. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டு. இன்று காலை ஆறு மணிக்கு எழுதிய அளவை நாளை காலை ஆறு மணி அளவோடு மட்டும் ஒப்பிடு.

பலூனை ரொம்பவும் நம்பாதே. அது நெகிழ்ந்து கொடுக்கிற ஜாதி. சின்னக் கசிவைத் தானே சுருங்கி மறைத்துவிடும். போதாக்குறைக்கு ரப்பர் வழியாகவே காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பலூன் அடையாளத்துக்கு, டியூப் கணக்குக்கு.

இல்லத்தரசி, வம்பன்: எந்த சோப்பு நல்லது?

நுரை வருகிற எதுவும். உளுந்தில்தான் வம்பன் ரகம் பார்க்க வேண்டும், இதில் ரகம் முக்கியமில்லை. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்; சலவைத்தூளில் இருக்கும் உப்பும் காரமும் அலுமினியத்தை அரிக்கும்.

மெக்கானிக், திருவரங்குளம்: டிவிஎஸ் எக்ஸெல் டேங்க் ஒழுகினால் சோப்புக் கட்டியைத் தேய்த்து அனுப்பிவிடுவேன். நிற்கத்தான் செய்கிறது. விமானத்துக்கு என்ன செய்வார்கள்?

சோப்பு பெட்ரோலில் கரையாது, அதனால் நிற்கிறது. எக்ஸெல்லுக்குச் சொல்லும் ‘ஊர் போய்ச் சேரும்’ என்கிற உத்தரவாதம் மேலே போகிறவனுக்குப் போதாது.

முதலில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. நுரை வருகிற இடம் காற்று வெளியேறும் இடம்தான். புகுந்த இடம் வேறாக இருக்கலாம். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு முழம் ஊர்ந்துவந்து, எங்கோ ஒரு அப்பாவி ரிவெட்டின் வழியே எட்டிப் பார்க்கும். அந்த ரிவெட்டின் மேல் வெளியிலிருந்து சீலன்ட் அப்பினால் அடுத்த ரிவெட் வழியே வரும். அதையும் அப்பினால் அதற்கடுத்தது. வெளியே அப்புவது ஒருநாளும் தீராது. டேங்க்குக்குள் கைவிட வழி செய்து, உள்ளே பழைய பூச்சைச் சுரண்டி, துடைத்து, புதிதாகப் பூசுவதுதான் முறை. உள்ளே பூசினால் பெட்ரோலின் அழுத்தமே பூச்சைத் தகட்டோடு சேர்த்து அமுக்கும். வெளியே பூசினால் அதே அழுத்தம் பெயர்த்துத் தள்ளும். ஒற்றை ரிவெட்டில் மிகச் சின்னக் கசிவு என்றால், தண்ணீர் போன்ற சீலன்ட்டை ரிவெட் தலையில் விட்டு, டேங்க்குக்குள் காற்றை லேசாக உறிஞ்சி, அதை உள்ளிழுக்க வைக்கிறவர்களும் உண்டு.

டேங்க்குக்குள் ஒரு திரவத்தை ஊற்றி, குலுக்கி, எல்லாப் பக்கமும் பூசவைக்கும் குறுக்குவழி ஒரு காலத்தில் பிரபலம். சில வருஷத்தில் அது தோலாக உரிந்து, ஃபில்டரில் போய் அடைத்துக்கொண்டது. ஒழுகல் நின்றது, இஞ்சினும் நின்றது.

வெல்டிங் பட்டறை, ஆலங்குடி: பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட்டால் வெல்டு வைக்கலாம்தானே?

கூடவே கூடாது. எரிவது பெட்ரோல் அல்ல, பெட்ரோல் ஆவி. நிறைந்த டேங்க்கில் ஆவிக்கு இடமில்லை. வடித்த டேங்க்கில் ஆவியும் காற்றும் சரியான கலவையில் பொறிக்குக் காத்திருக்கும். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க் பக்கத்தில் டிடபிள்யூஏ 800 என்ற ஜம்போ விமானம் வெடித்து 230 பேர் இறந்தார்கள். வெடித்தது ஏறக்குறையக் காலியாக இருந்த நடு டேங்க். ‘காலிதானே’ என்று டிரம்மை வெட்டப்போய் உயிரை விட்டவர்களின் கதை உங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒன்று தெரிந்திருக்கும். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கல்லூரி மாணவி, அறந்தாங்கி: நிஜமாகவே பறக்கும்போது டேங்க் காலியாகி, பிழைத்து வந்தவர்கள் உண்டா?

உண்டு, 306 பேர்! 2001 ஆகஸ்ட் 24, ஏர் டிரான்சாட் 236. டொரான்டோவிலிருந்து லிஸ்பனுக்கு, அட்லான்டிக் மேலே, இரவில். வலது இஞ்சினை மாற்றியபோது அதற்குப் பொருந்தாத ஒரு ஹைட்ராலிக் உதிரி சேர்ந்துவிட்டது. ஹைட்ராலிக் குழாயும் எரிபொருள் குழாயும் ஒன்றையொன்று உரசி, எரிபொருள் குழாய் பிளந்தது.

இதில் என்னைப் பதறவைப்பது அதற்குப் பின் நடந்தது. ஒரு பக்க டேங்க் மளமளவென்று குறைவதைக் கண்ட விமானிகள், ‘இரண்டு பக்கமும் சமமாக இல்லையே’ என்று நினைத்து, நிறைந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் திறந்துவிட்டார்கள். நல்ல டேங்க்கில் இருந்ததும் ஓட்டை வழியே கடலுக்குப் போனது. கம்ப்யூட்டர் காட்டிய எண்ணை அவர்களால் நம்ப முடியவில்லை. நல்ல விமானத்தில் அவ்வளவு எரிபொருள் காணாமல் போகுமா என்ற சந்தேகம். கடைசியில் இரண்டு இஞ்சினும் அடுத்தடுத்து நின்றன. ராபர்ட் பிஷே என்ற கேப்டன் அந்த ஏர்பஸ்ஸைச் சத்தமில்லாமல் 19 நிமிடம் சறுக்கவிட்டு, அசோர்ஸ் தீவில் லாஜஸ் தளத்தில் இறக்கினார். ஒருவரும் இறக்கவில்லை. அவருக்கு மாலை போட்டார்கள், சரி. எண் குறைந்தால் முதலில் ஒழுகல் என்று சந்தேகப்படு, சமன் செய்வதை அப்புறம் பார் என்பதுதான் மாலையைவிட முக்கியம்.

வரலாற்று ஆசிரியர், புதுக்கோட்டை: ஒழுகுவதற்கென்றே செய்த விமானம் உண்டாமே?

உண்டு. அமெரிக்காவின் எஸ்ஆர்-71 உளவு விமானம். ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் உடம்பு சூடாகி நீளும் என்பதற்காக இடைவெளி விட்டு வடிவமைத்தார்கள். தரையில் நிற்கும்போது அடியில் சொட்டிக்கொண்டே இருக்கும். அதன் எரிபொருள் சாதாரணத் தீக்குச்சிக்குச் சுலபத்தில் பற்றாத ஜாதி என்பதால் பிழைத்தார்கள். உங்கள் வாசலில் நிற்கும் வண்டிக்கு இதை உதாரணம் காட்ட வேண்டாம்.

திருவரங்குளம் வாசகர் (மறுபடியும்): டேங்க் ஒழுகவில்லை. அப்போ கவலையில்லைதானே?

ஜான் டென்வர் என்று ஒரு பாடகர், அமெரிக்காவில் பெரிய பெயர். வீட்டில் ஒருவர் செய்த லாங்-ஈஸி விமானத்தை வாங்கினார். 1997 அக்டோபர் 12 அன்று மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். டேங்க் ஒழுகவில்லை. ஒரு டேங்க் தீர்ந்தால் இன்னொன்றுக்கு மாற்றும் திருகை, அதைச் செய்தவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். திருப்ப வேண்டுமென்றால் உட்கார்ந்தபடியே உடம்பை முறுக்கிப் பின்பக்கம் கை நீட்ட வேண்டும். அந்த வேளையில் கட்டுப்பாடு தவறியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு.

அடுத்து, காற்றுக்குழல். பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் காற்று வர ஒரு சின்னக் குழாய் உண்டு. அது அடைபட்டால் பெட்ரோல் இருந்தும் இஞ்சினுக்கு வராது. நம் ஊர்ப்பக்கம் குளவிகளுக்கு அந்த அளவுத் துளை என்றால் உயிர். இரண்டு நாள் வண்டியை நிறுத்தினால் மண் குழைத்துக் குடித்தனம் வைத்துவிடும்.

குளவியைவிட மோசம் மனிதன். காற்றுச் சோதனைக்கு என்று அந்தக் குழலை டேப்பால் ஒட்டுவீர்கள் பாருங்கள், அதை எடுக்க மறந்தால் முடிந்தது. 1996 அக்டோபர் 2 அன்று ஏரோபெரு 603 விமானத்தைக் கழுவியவர்கள் உயரம் காட்டும் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை எடுக்கவில்லை. இருட்டில் உயரமும் வேகமும் தப்புத்தப்பாகக் காட்ட, விமானம் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். அடைப்பதற்குச் சிவப்புத் துணி கட்டிய பெரிய அடைப்பான்களாகவே பயன்படுத்துங்கள். அலுமினியத்தின் மேல் அலுமினிய நிற டேப் ஒட்டுகிறவரை பட்டறைப் பக்கமே சேர்க்காதீர்கள்.

பங்க் ஊழியர், கறம்பக்குடி: எங்கள் பங்க்கில் பெட்ரோல் போடலாமா?

சின்ன விமானங்களில் பரவலாக இருக்கும் ரோட்டாக்ஸ் 912 இஞ்சின் கார் பெட்ரோலில் ஓடும். ஆனால் எத்தனால் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது கம்பெனி. உங்கள் குழாயில் வருவது இருபது சதவீதம் வரை கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், சிலவகைப் பிசினையும் சீலன்ட்டையும் ஊறவைத்து இளக்கும். காற்றுச் சோதனையில் தேறிய டேங்க் ஆறு மாதம் கழித்து ஒழுக ஆரம்பிப்பது இப்படித்தான். சீலன்ட்டில் ஒரு துண்டைக் காயவைத்து, பங்க் பெட்ரோல் உள்ள கண்ணாடிக் குப்பியில் மாதக்கணக்கில் போட்டுவைத்துப் பார்ப்பது செலவில்லாத பரீட்சை.

இந்தியன் ஆயில் 2022 முதல் வடோதரா சுத்திகரிப்பு ஆலையிலேயே விமானப் பெட்ரோல் தயாரிக்கிறது. நீல நிறம். ஒழுகினால் இறக்கைக்கு அடியில் நீலக் கறை படியும். பறக்கும் முன் குனிந்து பார்க்கிறவனுக்கு அதைவிடத் தெளிவான கடிதம் வேறில்லை.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, ஆலங்குடி: இதெல்லாம் வெள்ளைக்காரர் சங்கதி. நம் பக்கம் யாராவது செய்திருக்கிறார்களா?

1910-லேயே மதராஸில் நடந்துவிட்டது, டீச்சர். செய்தவர் வெள்ளைக்காரர்தான், ஆனால் மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர்: டி'ஏஞ்சலிஸ். விமானத்தை உருவாக்கிக் கொடுத்தது குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் கம்பெனி. பறக்கவிட்டது பல்லாவரத்தில்.

பிற்காலத்தில் மும்பை அமோல் யாதவ், குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2017-ல் பதிவும் 2019-ல் பறக்க அனுமதியும் கிடைத்தன. காது கேளாத, பேச இயலாத இடுக்கி சஜி தாமஸ் செய்த சிறு விமானம் பறந்து காட்டியது நம் மணிமுத்தாறு பக்கத்தில். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். இந்த இருவரும் மூன்றாவதாக ஒன்று சேர்த்துவிட்டார்கள்.

திருவரங்குளம் வாசகர் (விடமாட்டார் போலிருக்கிறது): எல்லாச் சோதனையும் முடித்துவிட்டால் ஆலங்குடி ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாமா?

1934-ஆம் ஆண்டு விமானச் சட்டம் போய், பாரதீய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெயர் மாறினாலும் பதிவு இல்லாமல், அனுமதி இல்லாமல் சக்கரத்தைத் தரையைவிட்டு எடுக்க முடியாது என்பது மாறவில்லை. டெல்லியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ‘விடி’ என்று ஆரம்பிக்கும் எண் கொடுத்த பிறகு, ஓடுதளம் உள்ள இடத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். இறக்கையைக் கழற்றி ஏற்றினால், மறுபடி மாட்டியதும் குழாய் இணைப்புகளுக்கு இன்னொரு தடவை சோப்புத் தண்ணீர்.

ஆலங்குடி ரோட்டில் எதிரே வருகிற டவுன் பஸ் யாருக்கும் ஒதுங்காது.